கெல்தியர் கதையும் காவிரிக் கரையும்

அரசு கையில் இருந்தால் பாஷை தானே பிழைத்துக்கொள்ளும் என்று நம்மவரில் பலர் நம்பி வருகின்றனர். அரசு கையில் இல்லாவிட்டால் பாஷை அழிந்தே தீரும் என்பது அந்நம்பிக்கையின் மறுபாதி. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வாழும் கெல்திய இனத்தாரின் சரித்திரத்தைப் படித்தல் வேண்டும். நம் தேசபக்தர்கள் ஒரு தலைமுறைக் காலம் அயர்லாந்தைக் கண் கொட்டாமல் பார்த்து வந்தவர்கள். ‘ஹோம் ரூல்’ என்ற கோஷமே அங்கிருந்துதான் இங்கு வந்தது. கார்க் நகரத் தலைவர் டெரன்ஸ் மாக்ஸ்வினி 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 1920 அக்டோபரில் சிறையில் உயிர் துறந்த செய்தி இந்தியா முழுவதையும் உலுக்கிற்று. ஆனால் விடுதலைக்குப் பின் அந்நாட்டின் பாஷை என்ன ஆயிற்று என்பதை நாம் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

அயர்லாந்து 1922ல் தன்னரசு பெற்றது. 1937ஆம் வருஷத்து அரசியல் சட்டம் ஐரிஷே தேசிய பாஷை, அதுவே முதல் ராஜாங்க பாஷை என்று பிரகடனம் செய்தது. தன்னரசு பெற்று நூறாண்டு நிறைந்த 2022ல் எடுத்த ஜனக்கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18,70,000 பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் அதைப் பேசுவோரோ 71,968 பேரே. அண்டை நாடான வேல்ஸ் 1536 முதல் இங்கிலாந்துடன் சட்டத்தால் பிணைக்கப்பட்டது. தனியரசு அதற்கு இன்றளவும் இல்லை. ஜனத்தொகையிலும் அயர்லாந்தைவிடச் சிறியது. அங்கே 2021ல் 5,38,000 பேர் வேல்ஷ் பேசத் தெரிந்தவராகக் கணக்கில் வந்தனர். அதற்குச் சற்று முன் 2019-20ல் செய்த விசாரணையில் அவ்வாறு தெரிந்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் அதைத் தினமும் பேசுவதாகப் புலப்பட்டது. அரசு உடையவன் பாஷையை இழந்து நிற்க, அரசு இல்லாதவன் அதில் ஒரு பகுதியையேனும் காத்துக்கொண்டது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடுவது திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் நமக்கு வீண் வேலையன்று. தமிழுக்காக நடைப்பயணம் புறப்பட்ட ஊரும் இதுவே. தமிழைத் தெய்வத்தின் முன்னால் நடக்கச் செய்த ஊரும் இதுவே.

ஒரு குடும்பம், ஆறு பாஷைகள்

கெல்திய பாஷைகள் என்று இன்று எண்ணப்படுபவை ஆறு. ஐரிஷ், ஸ்காட்லாந்துக் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகிய மூன்றும் ஒரு கிளை. வேல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்ஸு தேசத்துப் பிரிட்டனியில் வழங்கும் பிரெத்தான் ஆகியவை மற்றொரு கிளை. ஒரு காலத்தில் ஸ்பெயின் முதல் ஆசியா மைனர் வரை பரவியிருந்த இனம், ரோமர் படைக்கும் பிற்காலத்து ஜெர்மானியக் குடியேற்றத்துக்கும் இடம்விட்டு, கடலோரங்களில் ஒதுங்கியது. இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை 1707ல் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஷ் அறிஞர் சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். நம் பக்கத்தில் தென்னாட்டுப் பாஷைகள் தனிக் குடும்பம் என்பதை 1816ல் எல்லிஸ் துரையும், 1856ல் கால்டுவெல் பாதிரியாரும் நிலைநாட்டினர். இடையன்குடியில் ஆயுள் கழித்த கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர் என்பது நேயர்கள் நினைவில் வைக்கத் தக்கது. தமிழின் தனிமையை உலகுக்குச் சொன்னவர், இரண்டு கெல்திய பாஷைகள் தேய்ந்துகொண்டிருந்த நாடுகளிலிருந்து வந்தவர்.

அயர்லாந்தின் அனுபவம்

ஐரிஷ் பாஷையை ஆங்கிலேயன் வாளால் மட்டும் கொன்றுவிடவில்லை. 1831ல் ஏற்பட்ட தேசியப் பள்ளிகளில் இங்கிலீஷே போதனா பாஷையாயிற்று. 1845ல் தொடங்கிய பஞ்சம், ஐரிஷ் பேசும் ஏழைக் குடியானவர்களையே அதிகமாக வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டிய தகப்பன், அவனுக்கு இங்கிலீஷ் வரவேண்டுமென்று தானே முனைந்தான். குழந்தையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டி, அவன் ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி அடி கொடுக்கும் வழக்கத்துக்குப் பெற்றோரே உடந்தையாயிருந்தனர். பகைமையால் அவர்கள் இதைச் செய்யவில்லை. பிள்ளை பிழைக்கவேண்டுமென்ற அன்பால் செய்தனர். 1841ல் 81 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்த நாட்டில், 1851ஆம் வருஷக் கணக்கின்படி ஐரிஷ் தெரிந்தவர் சுமார் 15 லட்சம் பேரே.

1892ல் டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர், அயர்லாந்து ஆங்கில மோகத்தை உதறவேண்டிய அவசியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். மறுவருஷம் கேலிக் சங்கம் தோன்றியது. ஊர் ஊராக இரவுப் பள்ளிகளும் நாடகங்களும் பாட்டுக் கச்சேரிகளும் நடந்தன. அச்சங்கத்தில் ஐரிஷ் எழுத்துக் கூட்டிப் படித்த வாலிபர்களே பின்னர் 1916ஆம் வருஷத்துப் புரட்சியில் துப்பாக்கி ஏந்தினர். அவர்களில் முதல்வரான பாட்ரிக் பியர்ஸ், 1908ல் டப்ளினில் ஐரிஷும் இங்கிலீஷும் கலந்து போதிக்கும் பள்ளி ஒன்றை நிறுவிய ஆசிரியர். சுதந்திர அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியாக 1938ல் அமர்ந்தவர் அந்த ஹைட்டே. பாஷைக்காக எழுந்த இயக்கம் நாட்டையே வென்றது என்று சொல்லலாம்.

பிறகு நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. புதிய சர்க்கார் பாஷையை மீட்கும் பாரத்தைப் பள்ளி ஆசிரியரின் தலையில் ஏற்றியது. ஐரிஷில் தேறாவிட்டால் பள்ளி இறுதிப் பரீட்சையில் தேர்ச்சியில்லை. ஐரிஷ் தெரியாவிட்டால் சர்க்கார் உத்தியோகமில்லை. பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். பரீட்சை முடிந்ததும் மறந்தனர். வீட்டிலும் கடையிலும் கோர்ட்டிலும் இங்கிலீஷே ஆட்சி செய்தது. ஐரிஷை இயல்பாகப் பேசிவந்த மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் தொழில் இல்லை. அங்குள்ள வாலிபர் பிழைப்புத் தேடிப் பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் போயினர். பேசுவோரை இழந்த கிராமத்தில் பாஷைக்குச் சட்டம் என்ன செய்யும்? வெறுப்பு மிஞ்சவே, 1973ல் பரீட்சைக் கட்டாயமும் 1974ல் உத்தியோகக் கட்டாயமும் நீங்கின. அதற்குப் பின்பே, பெற்றோர்கள் தாமாகக் கூடி எல்லாப் பாடங்களையும் ஐரிஷில் கற்பிக்கும் பள்ளிகளை நகரங்களில் திறக்கலாயினர். இன்று அப்பாஷைக்கு உயிர் இருக்கிறதென்றால், அதற்கு இப்பள்ளிகளும் எஞ்சிய மேற்குக் கிராமங்களுமே காரணம்.

வேல்ஸ் கண்ட வழி

வேல்ஸில் 1536ஆம் வருஷச் சட்டம் கோர்ட்டையும் உத்தியோகத்தையும் வேல்ஷ் பாஷைக்கு அடைத்தது. ஐம்பத்திரண்டு வருஷங்களுக்குப் பின், 1588ல், வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் பைபிளை வேல்ஷில் முழுவதும் பெயர்த்து அச்சிட்டார். கோர்ட்டு வாசலில் துரத்தப்பட்ட பாஷை கோயில் வாசலில் ஆசனம் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிபித் ஜோன்ஸ் என்பவர் ஊர் சுற்றும் பள்ளிகளை ஏற்படுத்தி, உழவனும் அவன் மனைவியும் தம் பாஷையில் எழுத்துக் கூட்டும்படி செய்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் வந்தன. எந்தப் பாஷையில் பாமரன் படிக்கக் கற்றானோ அந்தப் பாஷை எளிதில் சாகவில்லை.

இரண்டாவது தூண் ‘ஐஸ்டெத்வாட்’ எனப்படும் புலவர் பேரவை. 1176ல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு கூட்டிய அவையை அதன் தொடக்கமாகச் சொல்வர். 1861 முதல் அது தேசியத் திருவிழாவாக வளர்ந்தது. சிறந்த கவிக்கு அங்கே ஒரு நாற்காலி பரிசு. 1917ல் பரிசு பெற்றவரின் புனைபெயரைச் சபையில் மும்முறை கூவியும் எவரும் எழுந்திருக்கவில்லை. ஹெத் வின் என்ற அந்த இளங்கவி, ஒரு மாதத்துக்குச் சற்று முன் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினர். இடையன் மகன் ஒருவன் பாட்டெழுதித் தேசத்தின் தலையாய மரியாதையைப் பெறுவதும், அதற்காக ஒரு நாடே அழுவதும் எந்தச் சட்டத்தாலும் வரத்தக்கவையல்ல. 1950 முதல் அப்பேரவையில் வேல்ஷ் ஒன்றே ஒலிக்கவேண்டுமென்ற விதியும் அமலாயிற்று.

இவ்வளவும் போதவில்லை என்பதையும் மறைக்கலாகாது. நிலக்கரிச் சுரங்கங்களும் ரெயில்வேயும் இங்கிலீஷைக் கொண்டுவந்தன. பள்ளிகளில் வேல்ஷ் பேசிய சிறுவன் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டனர். 1911ல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இருந்த வேல்ஷ் பேசுவோர் 1961ல் 26 ஆகக் குறைந்தனர். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஸாண்டர்ஸ் லூயிஸ் ரேடியோவில் பேசினார். 1936ல் விமானக் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமொன்றுக்குத் தீயிட்டுவிட்டு, இரு நண்பருடன் போலீஸாரிடம் தாமே சென்று ஒப்புக்கொண்டு சிறை சென்றவர் அவர். பாஷையின் கதி என்பது அவர் பேச்சின் பொருள். அவ்வருஷமே இளைஞர்கள் பாஷைச் சங்கம் அமைத்தனர். இங்கிலீஷில் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளைப் பெயர்த்தனர். அபராதம் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தனர். 1980ல் வேல்ஷ் டெலிவிஷன் பற்றிய வாக்குறுதியைச் சர்க்கார் கைவிட்டபோது, கட்சித் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். விரதம் தொடங்குமுன்பே சர்க்கார் பணிந்தது. 1982 நவம்பரில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிற்று. காந்தியடிகளின் நாட்டினருக்கு இந்த ஆயுதங்களை நாம் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றினும் பெரிய வேலை ஓசையின்றி நடந்தது. 1939ல் அபரிஸ்டுவித் நகரில் ஒரு சில குழந்தைகளுடன் வேல்ஷ் போதனைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1956ல் முதல் உயர்நிலைப் பள்ளி. பிறகு நூற்றுக்கணக்கானவை. 1991க்குப் பின் விழுக்காடு ஏறியதற்குக் காரணம் இவையே. 2021ல் அது மீண்டும் 17.8க்குச் சரிந்தபோது அந்நாட்டார் அதிர்ந்தனர். 2050க்குள் பத்து லட்சம் பேர் என்ற இலக்கு கைகூடுமா என்று இன்று விவாதம் நடக்கிறது. வேல்ஸின் வெற்றி முடிந்த வெற்றியன்று. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி ஈட்டவேண்டியது.

செத்ததும் பிழைத்ததும்

கார்ன்வாலில் டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரக் கிழவி 1777ல் காலமானபோது, கார்னிஷை இயல்பாகப் பேசிய கடைசி ஆள் போயினாள் என்பது வழக்கு. 1904ல் ஹென்றி ஜென்னர் வெளியிட்ட இலக்கண நூலிலிருந்து அதை மீண்டும் கற்கத் தொடங்கினர். 2002ல் பிரிட்டிஷ் சர்க்கார் அதை அங்கீகரித்தது. மான் தீவில் நெட் மாட்ரெல் என்ற மீனவர் 1974ல் இறந்தார். அவருக்கு முன்பே, 1947ல் அத்தீவுக்கு வந்த ஐரிஷ் பிரதமர் டி வாலரா மனம் வருந்தி, மறுவருஷம் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆட்களை அனுப்பிக் கிழவர்களின் பேச்சைப் பிடித்து வைத்தார். 2001ல் அங்கே மாங்க்ஸ் பள்ளி ஒன்று எழுந்தது. 2009ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மாங்க்ஸை இறந்த பாஷைகளின் வரிசையில் சேர்த்தபோது, அப்பள்ளிக் குழந்தைகள் அதே பாஷையில் கடிதம் எழுதி, இறந்தது எங்கே என்று கேட்டனர், அப்பட்டியல் திருத்தப்பட்டது. இதற்கு நேர்மாறு பிரிட்டனி. குடியரசின் பாஷை பிரெஞ்சே என்று 1992ல் பிரான்ஸ் தன் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டது. பிரெத்தான் போன்றவற்றில் எல்லாப் பாடங்களையும் நடத்த இடமளித்த சட்டப் பிரிவை 2021ல் அந்நாட்டு அரசியல் சட்ட மன்றம் ரத்து செய்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு உபதேசித்த நாட்டில் நேர்ந்தது இது!

காவிரிக் கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் மார்கழி மாதத்து அத்யயன உற்சவத்தில், பகல் பத்திலும் இராப்பத்திலும் ஆழ்வார்களின் நாலாயிரமும் சேவிக்கப்படுகின்றன. கூம்பிய குல்லாய் தரித்துத் தாளமேந்திய அரையர்கள் அவற்றைப் பாடி அபிநயித்துப் பொருள் சொல்கிறார்கள். பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி முன்னே செல்ல, வேத கோஷ்டி பின்னே வருகிறது. நாயக்கர் வந்தனர், நவாப் வந்தனர், கும்பினியார் வந்தனர். சபைகளில் ராஜபாஷை மாறிக்கொண்டேயிருந்தது. அரங்கன் முன் தமிழ் மாறவில்லை. மார்கன் பாதிரியாரின் பைபிள் வேல்ஸுக்குச் செய்ததை நாதமுனிகள் தொகுத்த பிரபந்தம் பல நூற்றாண்டு முன்னரே இங்கு செய்தது. தாயார் சந்நிதி எதிரே கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றியதாக ஐதிகம் கூறும் மண்டபத்தைக் காண்போருக்கு, புலவனுக்கு நாற்காலி இடும் வேல்ஷ் பேரவை அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அரையர் சேவை ஒருசில குடும்பங்களின் உரிமையாக நின்றது. இன்று அதைச் செய்வோர் தமிழ் நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. வேல்ஸின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியோ நிலக்கரி வெட்டுபவனையும் பால் கறப்பவளையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கற்பித்தது. பேழையில் வைத்துக் காப்பது ஒன்று; விதையாக வீசிக் காப்பது மற்றொன்று. முன்னதில் நாம் யாருக்கும் குறைந்தவரல்லர். பின்னதில் நாம் செய்யவேண்டியது மிகுதி.

திருச்சி வரகனேரி தந்த வீரர் வ. வே. ஸு. ஐயர் இதை உணர்ந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்று, புரட்சிக்காரராகித் திரும்பி, கம்பனை உலகக் கவிகளோடு நிறுத்தி ஆராய்ந்து, குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர். அவர் 1922ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் அமைத்தார். டப்ளினில் பியர்ஸ் நடத்திய பள்ளிக்கு நம் நாட்டில் இணை தேடினால் அதுவே. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது என்ற பிரச்னை 1924-25ல் மூண்டு குருகுலத்தைக் குலைத்தது. ஐயர் 1925 ஜூன் 3ல் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் நீத்தார். ஒரே பாஷை பேசும் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்ண முடியாத இடத்தில் பாஷை மட்டும் அவர்களை ஒன்றாக்கிவிடாது என்பதை அந்நிகழ்ச்சி என்றைக்குமாகக் காட்டிற்று.

பிறகு கிளர்ச்சியின் காலம். 1938 ஏப்ரலில் சென்னை மாகாண சர்க்கார் 125 பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கிற்று. ஆகஸ்டு முதல் தேதி திருச்சி உறையூரிலிருந்து சுமார் நூறு பேர் கொண்ட தமிழர் படை கால்நடையாகப் புறப்பட்டு, செப்டம்பர் 11ல் சென்னை சேர்ந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அப்படையில் நடந்தார். 1940 பிப்ரவரியில் உத்தரவு நீங்கிற்று. 1964 ஜனவரி 25ல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சி ரெயில்வே ஸ்டேஷன் அருகே தம்மைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். இவற்றைச் செய்த கட்சிகளைப் பற்றி நேயர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் தாய்மொழி தாழக்கூடாதென்ற உணர்ச்சி இவ்வூர் மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதில் பேதமில்லை.

அவ்வுணர்ச்சியின் பலனாகச் சட்டங்கள் வந்தன. 1956ல் தமிழ் ஆட்சி மொழிச் சட்டம். 2004ல் செம்மொழி என்ற மதிப்பு. 2006ல் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். 2010ல் தமிழ் வழி கற்றோருக்குச் சர்க்கார் வேலைகளில் நூற்றுக்கு 20 இடம். அயர்லாந்து செய்ததையெல்லாம் நாமும் செய்தோம். ஆனால் அதே காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் இங்கிலீஷ் போதனைப் பள்ளிகளின் வாசலில் வரிசை கட்டின. தமிழில் பேசினால் அபராதம் என்ற வழக்கம் சில பள்ளிகளில் இருந்ததைப் பெற்றோர் பெருமையோடு சொல்லிக்கொண்டதும் உண்டு. ஐரிஷ் தகப்பன் வெட்டிய கோலுக்கும் இதற்கும் என்ன பேதம்? 2012 முதல் சர்க்கார் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் வகுப்புகள் திறக்கப்பட்டன. டில்லியின் கல்விக் கொள்கையையும் மும்மொழித் திட்டத்தையும் பற்றி 2025ல் எழுந்த வாதத்தில், வடக்கேயிருந்து வரும் பாஷையைத் தடுப்பது பற்றிப் பேசியவர்கள் பலர். நம் வீட்டுப் பிள்ளை கணிதத்தையும் ரசாயனத்தையும் எந்தப் பாஷையில் கற்கிறான் என்று கேட்டவர்கள் சிலரே.

ஆறரைக் கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழை ஐந்து லட்சம் பேர் பேசும் வேல்ஷோடு ஒப்பிடலாமா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. தமிழ் நாளையே சாகப் போவதில்லை. அதற்கு நேரக்கூடியது சாவன்று, பதவியிறக்கம். மேடையில் முழக்கவும், சினிமாவில் பாடவும், வீட்டில் அடுக்களை வரை நடமாடவும் உரியதாகி, வைத்தியம், நியாயஸ்தலம், விஞ்ஞானம், வியாபாரம் ஆகிய வாசல்களில் வெளியே நிற்பது. அந்நிலையில் உள்ள பாஷைக்கு எத்தனை கோடிப் பேர் இருந்தும் பயனில்லை. பிழைப்புக்கு வழி எந்தப் பாஷையில் இருக்கிறதோ அந்தப் பக்கமே பெற்றோர் பிள்ளையைத் தள்ளுவர். அவர்களை வைவதில் பொருளில்லை, வழியைத் திறப்பதே கடமை. 1939 மே மாதத்தில் திருச்சியில் ரேடியோ நிலையம் திறந்தபோது, புதிய கருவிக்குத் தமிழ் பழகிக்கொண்டது. அதைப் போலவே ஒவ்வொரு புதிய தொழிலிலும் தமிழ் முதல் வருஷத்திலேயே புகவேண்டும். பழகிப்போன பின் புகுவது கடினம்.

நாமும் ஒருவருக்கு இங்கிலாந்தே

கெல்தியர் சரித்திரத்தை நாம் படிக்கும்போது நம்மை எப்போதும் வேல்ஸாகவே எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் பாதி உண்மையே. திருச்சியிலும், மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி ஆகிய ஊர்களிலும் ஸௌராஷ்டிர பாஷை பேசும் நெசவாளர் சமூகம் வாழ்கிறது. கடல் கடந்து பிரிட்டனி சேர்ந்த பிரெத்தானியரைப் போல, மேற்கிலிருந்து பல நாடு கடந்து தம் பாஷையைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். 2011ஆம் வருஷக் கணக்கில் அதைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 2,47,000 பேர். நடன கோபால நாயகி சுவாமிகளின் பக்திப் பாடல்கள் அதில் உண்டு, தி. மு. ராமராய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் லிபிக்காக உழைத்துப் பாட புஸ்தகங்கள் அச்சிட்டார். 2008ல் அந்த லிபி கம்ப்யூட்டர் எழுத்துகளின் உலக வரிசையிலும் ஏறிற்று. எனினும் அக்குழந்தைகள் அதை எழுதக் கற்கும் சர்க்கார் பள்ளி எங்கே?

இன்னும் கீழே சென்று பார்ப்போம். திருச்சி ஜில்லாவில் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. ஸ்ரீரங்கத்துக் கோபுர வாசலில் பாசிமணி விற்கும் அப்பெண்கள் தம் குழந்தையோடு பேசுவது வாக்ரிபோலி என்ற தனி பாஷை, குஜராத்திக்கு உறவானது. 2022 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர். ஜாதிச் சான்றிதழுக்கு வழி பிறந்தது. பாஷைக்கு ஒன்றும் பிறக்கவில்லை. பள்ளிக்குள் நுழையும் அக்குழந்தை முதல் நாளே தனக்குத் தெரியாத பாஷையில் பாடம் கேட்கிறது. அந்தப் பாஷை தமிழ். அதன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் வகுப்பு நம் பிள்ளைகளின் வகுப்பு. வேல்ஷ் சிறுவன் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிட்டவனை நாம் கொடியவன் என்கிறோம்; இக்குழந்தையின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத மரத்துண்டு ஒன்று தொங்குவதை யார் பார்க்கிறார்கள்? ஆரம்பக் கல்வியைச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் அளிக்க முயலவேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. டில்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தைத் தேவராயநேரிக்கு நாம் மறுத்தால், நம் வழக்கின் பாதி பலம் போய்விடும்.

செய்யவேண்டியன

முதலாவது, 2027ல் நடக்கவிருக்கும் ஜனக்கணக்கு. தாய்மொழி என்ற கட்டத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பாஷையை உள்ளபடி எழுதச் செய்யவேண்டும். பதினாயிரம் பேருக்குக் குறைந்த பாஷைகள் வெளியிடும் பட்டியலில் பெயரின்றி மறைந்துபோகும் முறை 1971 முதல் இருந்து வருகிறது. வாக்ரிபோலி போன்றவை எண்ணிக்கையில் வராவிட்டால், சர்க்காரின் கண்ணில் அவை இல்லாதவையே. கணக்கெடுப்போருடன் குடியிருப்புகளுக்குச் சென்று இதை விளக்குவது ஊர்த் தொண்டர்கள் செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது, ஒலிப்பதிவு. மான் தீவின் கிழவர் பேச்சை 1948ல் பிடித்து வைத்ததால்தான் இன்று அக்குழந்தைகள் சரியான உச்சரிப்பைக் கற்கின்றனர். இன்று எல்லார் சட்டைப் பையிலும் அந்தக் கருவி இருக்கிறது. திருச்சிக் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கலாம்.

மூன்றாவது, பள்ளி. தமிழ் வழிப் பள்ளிகளை ஏழைகளின் கதியாக விட்டுவிடாமல், படித்தவர்கள் தம் பிள்ளைகளை அங்கே சேர்த்து, அவற்றின் தரத்துக்காகச் சண்டையிடவேண்டும். அபரிஸ்டுவித்தில் முதல் பள்ளியைத் தொடங்கியவர்கள் தம் சொந்தப் பிள்ளைகளையே முதல் பெஞ்சில் உட்கார வைத்தனர். இங்கிலீஷை விடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வேல்ஸில் அதை விட்டவர் எவருமில்லை. அதை ஒரு பாஷையாகச் செவ்வனே கற்கட்டும். அறிவுக்கு வாசல் அது ஒன்றே என்ற மயக்கம்தான் நீங்கவேண்டும்.

உறையூரிலிருந்து சென்னை வரை நடந்தவர்களுக்குப் பாதம் கொப்புளித்தது. ஆனால் வழி நேராக இருந்தது, எதிரியும் கண்ணுக்குத் தெரிந்தான். இன்றைய வேலையில் எதிரி பெரும்பாலும் நம் சொந்த வீட்டு முடிவுகளில் ஒளிந்திருக்கிறான். வரும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடக் கதவு திறக்கும்போது பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதில் அது வெளிப்படும். மேடையில் தமிழுக்காகப் பேசும் ஒவ்வொரு தொண்டரிடமும் இக்கேள்வியை ஜனங்கள் கேட்கவேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.